பழுதென்று ஒதுக்கப்பட்ட பயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திகில் வீடியோ கேம்கள் புதிய வடிவில் திரும்பி வருவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2, 2023இல் வந்த டெட் ஸ்பேஸ், 2024இல் வந்த சைலன்ட் ஹில் 2 ஆகிய மறுஆக்கங்களைக் கட்டுரையாளர் அக்கறையோடு அணுகியிருந்தார். வீடியோ கேம் என்றாலே பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் பொருள் என்ற அளவில் நின்றுவிடும் பேச்சுக்கு நடுவில், அதையும் சினிமாவுக்கு இணையான கலையாக மதித்து முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால், 2025இல் வெளிவந்த சைலன்ட் ஹில் எஃப் பற்றிய பத்தியில், ஜப்பானிய மலைக்கிராமம் ஒன்றைத் திகிலின் களமாக்கியது ஒரு புதுமை என்ற பொருள்பட ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. அப்படியொரு கிராமத்துக்குள் 22 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் போய்விட்டார். அவர் வேறு யாருமல்லர், முதல் சைலன்ட் ஹில்லை இயக்கியவரேதான்.

கெய்ச்சிரோ தொயாமா 1999இல் கொனாமி நிறுவனத்துக்காக சைலன்ட் ஹில்லை இயக்கிய பின் அங்கிருந்து விலகி, சோனியின் ஜப்பான் ஸ்டுடியோவில் சேர்ந்தார். அங்கே எழுத்தாளர் நவோகோ சாதோவுடன் இணைந்து பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவிக்காக அவர் உருவாக்கிய படைப்பின் பெயர் சைரன். ஜப்பானில் 2003 நவம்பர் 6 அன்று வெளியான இந்த கேம், அடுத்த ஆண்டு மார்ச்சில் ஐரோப்பாவில் ஃபர்பிடன் சைரன் என்ற பெயரிலும், ஏப்ரலில் அமெரிக்காவில் சைரன் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் அதே நவம்பர் மாதத்தில்தான் டெக்மோ நிறுவனத்தின் ஃபேட்டல் ஃப்ரேம் தொடரின் இரண்டாம் பாகமும் வெளிவந்தது. அதுவும் தொலைந்துபோன ஒரு கிராமத்தின் கதைதான். பேயைப் புகைப்படம் எடுத்து விரட்டும் அந்த அழகான விளையாட்டுக்குப் புகழ் நிலைத்தது. சைரனோ, கடினமானது, குழப்பமானது, பொறுமையைச் சோதிப்பது என்ற மூன்று சொற்களோடு விமர்சகர்கள் பலரால் ஓரங்கட்டப்பட்டது. அப்படி ஓரங்கட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2006இல், கல்லூரி விடுமுறையில், மாமா வாங்கித் தந்த பிளேஸ்டேஷனில் இதைத் தொடங்கி, மூன்றாம் நாளே பழுதான கேம் என்று முடிவுகட்டி, கேம் இருந்த தட்டை உறையில் போட்டு மூடி வைத்துவிட்டேன். இந்த ஆண்டு கோடையில் அதே தட்டை எடுத்து, முதலிலிருந்து ஆடி முடித்தேன். பழுது என்று அன்று நான் நினைத்தது எதுவோ, அதில்தான் இந்தப் படைப்பின் உயிரே இருக்கிறது என்பதை இப்போது உணர்கிறேன். அதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம்.

கதையின் களம் ஹனுடா என்ற கற்பனைக் கிராமம். வெளியுலகோடு அதிகம் ஒட்டாமல், தனக்கென்று ஒரு மதத்தையும் சடங்குகளையும் வைத்துக்கொண்டு வாழும் மலையூர் அது. ஒரே ஆள் 33 பேரைக் கொன்ற ஊர் என்று இணையத்தில் உலவும் வதந்தியைப் படித்துவிட்டு, கியோயா என்ற பள்ளி மாணவன் 2003 ஆகஸ்டு மாதத்து இரவொன்றில் சைக்கிளில் அங்கே வந்து சேர்கிறான். காட்டுக்குள் நடக்கும் ஒரு சடங்கு அவன் கண்ணில் படுகிறது. நள்ளிரவில் எங்கிருந்தோ சைரன் ஒலிக்கிறது. அதன் பிறகு ஊரைச் சுற்றிச் செந்நிறக் கடல் சூழ்ந்திருக்கிறது. மழையும் சிவப்பு, ஆறும் சிவப்பு. அந்த நீர் உடலில் ஏறியவர்கள் இறந்தும் இறவாத ஷிபிதோ என்ற பிறவிகளாகிறார்கள். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன், 1976இல், நிலச்சரிவில் புதைந்துபோன ஊரின் பகுதிகள் இன்றைய ஊரோடு கலந்து நிற்கின்றன. கியோயாவைத் தவிர, நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர், பள்ளி ஆசிரியை, முதிய வேட்டைக்காரர், கைக்குழந்தைகளாக இருந்தபோதே பிரிந்து ஒருவர் மதகுருவாகவும் மற்றவர் மருத்துவராகவும் வளர்ந்த இரட்டையர் என, மொத்தம் பத்துப் பேரை நாம் மாறி மாறி இயக்குகிறோம். மூன்று நாள் நிகழ்வுகள் முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடக்கின்றன. எந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்பதை ஓர் அட்டவணை காட்டுகிறது. ரயில்வே கால அட்டவணையைப் பார்ப்பது போல அதை விரித்து வைத்துக்கொண்டுதான் கதையைப் பிடிக்க முடியும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்த கேமில் நம் கையில் உள்ள உண்மையான ஆயுதம் துப்பாக்கியன்று, பிறருடைய கண். ஒரு பொத்தானை அழுத்தினால் நாம் இயக்கும் பாத்திரம் கண்ணை மூடிக்கொள்கிறது. திரை முழுவதும் புள்ளியும் இரைச்சலுமாகிறது. பழைய ரேடியோவில் குமிழைத் திருகி சிலோன் நிலையத்தைத் தேடிய தலைமுறைக்கு இது உடனே விளங்கும்: கண்ட்ரோலரின் இடது ஸ்டிக்கை மெல்லச் சுழற்றினால், இரைச்சலுக்கு இடையில் ஒரு மூச்சு கேட்கும், பிறகு ஒரு காட்சி தெளியும். அது அருகில் நடமாடும் ஒரு ஷிபிதோவின் கண்ணில் விழுகின்ற காட்சி. அது எந்தப் பாதையில் நடக்கிறது, எங்கே திரும்புகிறது, எத்தனை நொடி நின்று பார்க்கிறது என்பதையெல்லாம் அதன் கண்ணாலேயே பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு நம் கண்ணைத் திறந்து நகர வேண்டும். ஒரு முறை நான் மரக்குடிசை ஒன்றின் பின்சுவரில் ஒட்டி நின்று இப்படித் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு காட்சி பிடிபட்டது. ஈரமான புல், சாய்ந்த வேலி, குடிசையின் ஓரம். கரகரப்பான மூச்சோடு அக்காட்சி ஆடி ஆடி முன்னே வந்தது. குடிசையின் மூலையைத் தாண்டியதும், டார்ச் லைட்டைப் பிடித்தபடி சுவரோரம் அசையாமல் நிற்கும் ஓர் இளைஞனின் முதுகு தெரிந்தது. அந்த முதுகு என்னுடையது என்று புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ திகில் படங்கள் பார்த்திருக்கிறேன், எத்தனையோ கேம்கள் ஆடியிருக்கிறேன். என்னைக் கொல்ல வருபவனின் கண்ணால் என் முதுகையே எனக்குக் காட்டிய படைப்பு இது ஒன்றுதான்.

பிறர் கண்ணில் இருக்கும்போது நாம் நகர முடியாது, நம்மைச் சுற்றி நடப்பதையும் பார்க்க முடியாது. கொடுக்கல் வாங்கல் நேர்மையாக இருக்கிறது: ஒரு பார்வையைப் பெற வேண்டுமானால் நம் பார்வையை அடகு வைக்க வேண்டும். எத்தனை நொடி வைப்பது என்பதை ஒவ்வொரு முறையும் நாமேதான் முடிவு செய்தாக வேண்டும். அச்சமெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இதே ஆற்றல் கதைக்குள்ளும் ஆழமாக வேரோடியிருக்கிறது. பலியிடப்பட வேண்டியவளாக வளர்க்கப்பட்ட மியாகோ என்ற பெண்ணுக்குப் பார்வை கிடையாது. தன் நாயின் கண்களைக் கடன் வாங்கித்தான் அவள் உலகைப் பார்க்கிறாள். நாய் இறந்த பின் கியோயாவின் கண்களே அவளுக்குத் துணை. நமக்கு அச்சமூட்டும் ஒன்று அவளுக்கு ஊன்றுகோலாக இருக்கிறது. விளையாடும் முறையும் கதையும் இவ்வளவு இசைந்து நிற்பது அரிது.

ஷிபிதோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை கூட்டமாகப் பாய்ந்து வரும் பிணங்கள் அல்ல. உயிரோடு இருந்தபோது செய்த வேலையையே அவை தொடர்ந்து செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று வயலில் மண்ணைக் கொத்துகிறது, ஒன்று பலகையில் ஆணி அடிக்கிறது, ஊர்க் காவலராக இருந்தது ரிவால்வரோடு ரோந்து சுற்றுகிறது. கண்களிலிருந்து ரத்தம் வழிய, தமக்குள் ஏதோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டே அவை வேலை பார்ப்பதை, அவற்றின் கண் வழியாகவே நாம் பார்க்கிறோம். அடித்து வீழ்த்தினால் மண்டியிட்டுக் கிடக்கும். சற்று நேரம் கழித்து எழுந்து மறுபடியும் அதே வேலைக்குப் போகும். அவற்றுக்குச் சாவு இல்லை. ஹருமி என்ற பத்து வயதுச் சிறுமியாக, அவை குடித்தனம் நடத்தும் கைவிடப்பட்ட வீடொன்றிலிருந்து தப்ப வேண்டிய கட்டம் உண்டு. அவள் கையில் எந்த ஆயுதமும் கிடையாது; ஒளிவது ஒன்றே வழி. அந்தக் கட்டத்தை நான் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. இடையில் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் என் நெஞ்சில் தைத்த இடம் அதுவன்று. பெற்றோரோடு சண்டையிட்டு வீட்டைவிட்டு வெளியேறிய தொமோகோ என்ற பதினான்கு வயதுப் பெண், இருளிலும் செம்மழையிலும் அலைந்து, கடைசியில் அவர்கள் தஞ்சம் புகுந்திருக்கும் தேவாலயத்தைக் கண்டடைகிறாள். சன்னலுக்கு அப்பால் அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள். அவள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. உள்ளே இருப்பவர்களோ அலறுகிறார்கள். தன் கண்களிலிருந்து ரத்தம் வழிவது அவளுக்குத் தெரியாது. தான் மாறிவிட்டதும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை, காணாமல் போன பிள்ளை வீடு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கட்டங்களில் எதிரே வரும் ஒவ்வொரு ஷிபிதோவையும் என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. யாருடைய வீட்டுப் பிள்ளையோ என்ற எண்ணம் கூடவே வந்தது.

இந்தப் பாத்திரங்களின் முகங்களும் மனத்தை விட்டு அகல மறுக்கின்றன. வரைகலைஞர் வரைந்த பொம்மை முகங்களாக இல்லாமல், நடிகர்களின் உண்மையான முகங்களைப் பல கோணங்களில் படம்பிடித்து, முப்பரிமாணத் தலைகளின் மீது பதித்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 2இன் மங்கலான திரையில் அந்த முகங்கள் பாதி மனிதராகவும் பாதி முகமூடியாகவும் தெரிகின்றன. இன்றைய தொழில்நுட்பத்தில் இதைவிடப் பல மடங்கு துல்லியமாகச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் செத்த ஊரின் மனிதர்களுக்கு அந்தக் குறைந்த துல்லியமே பொருந்திப் போகிறது.

குறைகளே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆங்கில வடிவத்தில் ஜப்பானியக் கிராமத்தார் அத்தனை பேரும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசுவது கடைசி வரை உறுத்தியது. பல கட்டங்களுக்கு இரண்டாவது நோக்கம் என்று ஒன்று உண்டு. அதை நிறைவேற்றினால்தான் வேறொருவரின் வேறொரு நேரத்துக்கு வழி திறக்கும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பு மிகச் சொற்பம். ஒரு துண்டை நனைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அது உறைந்து கிடந்து பின்னொரு கட்டத்தில் இன்னொருவருக்கு உதவும். இதைத் தானாக ஊகித்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். நானும் பிறருடைய வழிகாட்டுதலைப் பார்த்துத்தான் கடந்தேன். இது வடிவமைப்பின் பிழை என்பதை மறுக்க முடியாது. ஆயினும், ஊர்ச் சாபம் ஒருவருடைய செயலை இன்னொருவருடைய விதியோடு முடிச்சுப் போடுகிறது என்ற கதையின் அடிப்படைக்கு அந்தத் துண்டு பொருத்தமான சான்று என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஆனால் வரைபடத்தைப் பற்றிய புகாரை நான் ஏற்க மாட்டேன். இந்த கேமின் வரைபடம் நாம் நிற்கும் இடத்தைக் காட்டாது. அன்று என்னைத் தட்டை மூட வைத்தவற்றுள் இதுவும் ஒன்று. இந்த முறை ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கிணறு எங்கே, படிக்கட்டு எங்கே, எந்த வீட்டு வாசலில் எது காவல் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு ஆடினேன். நான்கைந்து முறை செத்த பிறகு அந்தத் தாள் தேவைப்படவில்லை. ஊர் மனப்பாடமாகிவிட்டது. கிராமத்தில் பிறந்தவனுக்கு இருட்டில் எந்த இடத்தில் பள்ளம் உண்டென்று காலுக்கே தெரியுமல்லவா, அப்படி. திரும்பத் திரும்பச் சாக வைக்கிறது என்று குறை சொன்னவர்கள், அப்படிச் செத்துச் செத்து ஊரைக் கற்றுக்கொள்வதுதான் விளையாட்டு என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். எழுந்து எழுந்து அதே வேலைக்குத் திரும்பும் ஷிபிதோக்களுக்கும், தோற்றுத் தோற்று அதே வாசலுக்குத் திரும்பும் நமக்கும் அந்த நேரத்தில் வேறுபாடு குறைவு.

குறை என்று சொல்லப்பட்டவற்றில்தான் இதன் உயிர் இருக்கிறது என்பதற்குச் சான்று சோனியின் கையிலேயே இருக்கிறது. 2008இல் பிளேஸ்டேஷன் 3க்காக இதே கதையை 12 அத்தியாயங்களாகப் பிரித்து, அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழுவொன்று அந்தக் கிராமத்துக்கு வருவதாக மாற்றி, சைரன் பிளட் கர்ஸ் என்ற பெயரில் தொயாமாவின் குழுவே மறுபடியும் தந்தது. புகார்களையெல்லாம் கேட்டுச் சரிசெய்திருந்தார்கள். எதிரியின் பார்வை திரையின் ஒரு பாதியில் ஓட, மறுபாதியில் நாம் நடந்துகொண்டே இருக்கலாம். விளையாட எளிதாகத்தான் இருந்தது. காட்சித் தரமும் நன்றாகவே இருந்தது. ஆனால் கண்ணை அடகு வைக்க வேண்டிய தேவை போனதும் அந்தப் பயமும் போய்விட்டது. எதிரியின் பார்வை வெறும் கண்காணிப்பு கேமராவாகிவிட்டது. மறுஆக்கங்களைப் பற்றி எழுதும் தங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய இடம் இது என்று பணிவோடு சொல்வேன். அவரது கட்டுரை மறுஆக்கங்களில் காட்சித் தரமும் கட்டுப்பாடும் எவ்வளவு மேம்பட்டிருக்கின்றன என்பதை விரிவாகப் பேசியது. வசதி கூடும்போது எது கைவிட்டுப் போனது என்ற கேள்வியை அது கேட்கவில்லை.

ஹனுடாவுக்குப் பின்னால் உள்ள நிஜ ஜப்பானையும் குறிப்பிடாமல் விட முடியாது. 1938 மே மாதத்தில், ஒகயாமா மாகாணத்தில், ட்சுயாமா நகருக்கு அருகே உள்ள ஒரு மலைக்கிராமத்தில், ஓர் இளைஞன் மின்கம்பியைத் துண்டித்து ஊரை இருளாக்கிவிட்டு, ஒரே இரவில் 30 பேரைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டான். கியோயா கேட்கும் வதந்தி அந்த நிகழ்வை நினைவூட்டாமல் இராது. கதையில் வரும் கன்னியாஸ்திரியின் பெயர் ஹிசாகோ யாவோ. கடற்கன்னியின் இறைச்சியைத் தின்று 800 ஆண்டுகள் வாழ்ந்ததாக ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகள் சொல்லும் யாவோ பிக்குனி என்ற துறவியின் நிழல் அவள் மீது விழுகிறது. பஞ்ச காலத்தில் வானிலிருந்து விழுந்த ஒரு தெய்வத்தை ஊரார் பசிக்குத் தின்றார்கள், அந்தப் பாவமே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பதுதான் ஹனுடாவின் மூலக்கதை. கிராமத்தின் தோற்றத்துக்கோ, சைதாமா மாகாணத்துச் சிச்சிபு மலைப்பகுதியின் கைவிடப்பட்ட குடியிருப்புகள் மாதிரியாக இருந்தன. இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்களோடு தேய்ந்து மறையும் கிராமங்கள் ஜப்பானில் நிஜமாகவே பெருகிவருகின்றன. ஆளற்ற வீட்டின் அடுப்படியில் இன்னும் யாரோ காய் நறுக்கிக்கொண்டிருப்பது போன்ற இந்த கேமின் காட்சிகளில், அந்த இழப்பின் துயரத்தையும் நான் கண்டேன்.

இன்றைய நிலை என்னவென்றால், 2016இல் இந்த கேம் பிளேஸ்டேஷன் 4க்கு டிஜிட்டல் வடிவில் ஒரு முறை மீண்டும் விற்பனைக்கு வந்தது. படத்தின் தெளிவு சற்றுக் கூடியதைத் தவிர வேறு பெரிய உழைப்பு எதுவும் அதில் செலுத்தப்படவில்லை. 2020இல் தொயாமா சோனியை விட்டு வெளியேறி போக்கே கேம் ஸ்டுடியோ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 2024 நவம்பரில் அங்கிருந்து ஸ்லிட்டர்ஹெட் வெளிவந்தது. சைரனை உருவாக்கிய ஜப்பான் ஸ்டுடியோவை 2021இல் சோனி கலைத்துவிட்டது. படைத்தவர் ஓரிடத்திலும் உரிமை வேறிடத்திலும் இருக்க, நடுவில் இந்தப் படைப்பு கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஜப்பானிய ரசிகர்கள் மட்டும் ஆண்டுதோறும் ஆகஸ்டு 3ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவில், கதையில் சைரன் ஒலிக்கும் அந்த நேரத்தில், ஒன்றுகூடி இதை நினைவுகூர்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பிதழில் இதுபோன்ற கட்டுரைகள் தொடருமானால், பெரிய நிறுவனங்கள் மறுபடி விற்கத் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எழுதாமல், அவை கைவிட்டவற்றுக்கும் இடம் கொடுங்கள். அதில் முதல் இடத்தைச் சைரனுக்குக் கொடுங்கள். இதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை வந்து நான் பார்த்ததில்லை. தங்கள் கட்டுரையாளருக்கு விருப்பமிருந்தால், என்னிடம் உள்ள தட்டையும் பிளேஸ்டேஷன் 2 கருவியையும் இரவல் தர ஆயத்தமாக இருக்கிறேன். கருவியின் லென்ஸ் பழையது. தட்டை உடனே படிக்காது, இரண்டு மூன்று முறை அணைத்துப் போட வேண்டும். மெமரி கார்டில் என்னுடைய சேவ் இருக்கிறது. அதைத் தொடராமல் முதல் கட்டத்திலிருந்தே தொடங்கும்படியும், பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளும்படியும் அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி